டொக்டர் அக்கா பதில்கள்: முனி அடித்த வீடுகள்

இந்த மாதம் வந்த கடிதங்களில் ஆறை எடுத்துக்கொண்டேன். ஆறும் நெஞ்சைப் பற்றியவை. வழக்கமான கொலஸ்ட்ரோல், பிரஷர் கேள்விகள் இவற்றில் இல்லை. இதயத் தசையிலேயே கோளாறு, அல்லது இதயத்துக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி பிறப்பிலேயே இடம் மாறி முளைத்த கோளாறு. நான் இதய நிபுணர் இல்லை. மலைநாட்டு ஆஸ்பத்திரிகளில் 24 வருடம் பொது மருத்துவ நிபுணராக இருந்தவள். இந்த நோய்களை உறுதிப்படுத்துவது கண்டியிலும் கொழும்பிலும் இருக்கும் இதய நிபுணர்களின் வேலை. முதலில் சந்தேகப்படுவது எங்கள் வேலை. அந்தச் சந்தேகம் வராமலே போன வீடுகள் எத்தனையோ எனக்குத் தெரியும். அதில் ஒன்று எங்கள் வீடு.

“டொக்டர் அக்கா, என் வீட்டுக்காரருடைய அண்ணன் 31 வயதில் கவ்வாத்து மலையில் விழுந்து இறந்துவிட்டார். மாமனாரும் அப்படித்தான். காவடி எடுத்துக்கொண்டு கோயில் மேட்டில் ஏறும்போது விழுந்தார், அப்போது அவருக்கு 42. இந்தக் குடும்பத்தை முனி விடாது என்று லயத்தில் பேசுகிறார்கள். இப்போது என் மகன், 15 வயது, பள்ளிக்கூடம் விட்டு மேட்டு லயத்துக்கு ஓடி வரும்போது இரண்டு தரம் மயங்கி விழுந்துவிட்டான். ஈ.சி.ஜி.யில் ஏதோ வித்தியாசம் என்றார்கள். எக்கோ எடுத்துவிட்டு நோர்மல் என்று எழுதித் தந்தார்கள். இனிப் பயமில்லையா? முனிக்குப் பூசை வைக்கவும் சொல்கிறார்கள்.” — ஒரு தாய், பொகவந்தலாவை

பூசையை வையுங்கள் தங்கச்சி, அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் பயமில்லை என்று நான் சொல்ல மாட்டேன். மகன் இன்றிலிருந்து ஓடக்கூடாது. பந்து விளையாடக்கூடாது, மேட்டில் விறகு சுமக்கக்கூடாது. வகுப்பாசிரியருக்கு ஒரு கடிதம் எழுதிக் கொடுத்துவிடுங்கள். இது சோதனைகள் முடியும்வரைதான். ஆனால் இன்றே தொடங்க வேண்டும்.

உங்கள் கடிதத்தில் நான் பார்ப்பது மூன்று விஷயம். இரண்டு பேர் இளம் வயதில் இறந்திருக்கிறார்கள். இரண்டு பேரும் உடம்பை வருத்தும் நேரத்தில் விழுந்திருக்கிறார்கள். மகனும் ஓடும்போதுதான் மயங்குகிறான், நின்றுகொண்டிருக்கும்போது இல்லை. ஒரே இரத்தம், ஒரே மாதிரியான நேரம். இப்படி ஒரு கதையைக் கேட்டால் எனக்கு முதலில் நினைவுக்கு வருவது இதயத் தசை தடிக்கும் பரம்பரை நோய், ஹைபர்ட்ரோஃபிக் கார்டியோமயோபதி. 1958இல் லண்டனில் டொனல்ட் டீயர் என்ற பிரேத பரிசோதனை வைத்தியர், திடீரென்று இறந்த இளைஞர்களின் இதயங்களை வெட்டிப் பார்த்து, நடுச்சுவர் ஒரு பக்கமாக வீங்கித் தடித்திருந்ததை எழுதிவைத்தார். அதற்குப் பிறகுதான் உலகம் இதைக் கவனித்தது. சும்மா தடிப்பதோடு போவதில்லை. கவ்வாத்து வெட்டாமல் காடாக விட்ட தேயிலையில் கிளைகள் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்குமே, தசை நார்கள் அப்படிக் கிடக்கும். மின்சாரம் அந்தப் பின்னலுக்குள் வழி தப்பினால் துடிப்பு தாறுமாறாகி, சில நிமிடத்தில் உயிர் போய்விடும்.

அரிய நோய் என்று இதைச் சொல்கிறோம், ஆனால் 500 பேரில் ஒருவருக்கு இருக்கிறது. நான்கு டிவிஷன் உள்ள ஒரு தோட்டத்தில் எத்தனை பேர் என்று நீங்களே கணக்குப் போடலாம். அரிதாக இருப்பது நோய் இல்லை, அதைக் கண்டுபிடிப்பதுதான்.

எங்கள் அண்ணன் 19 வயதில் தோட்டத்து மைதானத்தில் பந்து விளையாடும்போது விழுந்தான். அதற்கு முன் இரண்டு தரம் மயங்கியிருந்தான். காட்டிய இடத்தில் பலவீனம் என்று சொல்லி ஒரு சத்து டொனிக் கொடுத்தார்கள். நெஞ்சில் குழாய் வைத்துப் பார்க்கவில்லை. உடம்பை வெட்டாமல் கொடுங்கள் என்று அம்மா மரண விசாரணைக்கு வந்தவரின் காலில் விழுந்தார். மரணச் சான்றிதழில் மாரடைப்பு என்ற ஒரே சொல். லயத்தில் முனி அடித்தது என்றார்கள். அப்போது எனக்கு 12 வயது, நானும் நம்பினேன். பேராதனையில் மருத்துவம் மூன்றாம் வருடம் படிக்கும்போது, புதிதாக வாங்கிய ஸ்டெதஸ்கோப்போடு விடுமுறைக்கு வந்து, இஸ்தோப்பில், லயத்துத் திண்ணையில், உட்கார்ந்திருந்த அப்பாவின் நெஞ்சில் வைத்தேன். ஒரு இரைச்சல் கேட்டது. அப்பாவைக் குந்தச் சொன்னேன், இரைச்சல் தேய்ந்தது. எழுந்து நிற்கச் சொன்னேன், பெரிதானது. முந்திய வாரம்தான் அந்தப் பாடத்தை வார்டில் படித்திருந்தேன். இதயத்தின் பெரும்பாலான இரைச்சல்கள் எழுந்து நின்றால் குறையும். தடித்த சுவர் வழியை அடைக்கும்போது வரும் இரைச்சல் நின்றால்தான் கூடும், ஏனென்றால் நிற்கும்போது இதயத்துக்குத் திரும்பிவரும் இரத்தம் குறைந்து, அறை சுருங்கி, வழி இன்னும் நெருக்கமாகிறது. அண்ணன் ஏன் செத்தான் என்பது எனக்கு அந்த இஸ்தோப்பில்தான் தெரிந்தது. அப்பா அதற்குப் பிறகு மாத்திரை எடுத்துக்கொண்டு 71 வயதுவரை இருந்தார்.

இந்தக் குந்தி எழும் சோதனைக்கு மெஷின் வேண்டாம், காசு வேண்டாம். எந்தத் தோட்ட டிஸ்பென்சரியிலும் செய்யலாம். ஆனால் வழி அடைபடாத நோயாளிகளுக்கு இரைச்சலே இருக்காது. அதனால் கேட்கவில்லை என்றால் நோய் இல்லை என்று ஆகிவிடாது.

இனி அந்த எக்கோவுக்கு, இதயத்தை ஒலி அலையால் படம் பிடிக்கும் ஸ்கேனுக்கு, வருகிறேன். நோர்மல் என்ற சொல்லைப் பார்த்தால் எந்தக் கேள்விக்கு அது பதில் என்று கேட்க வேண்டும். நிறைய ரிப்போர்ட்டுகளில் இதயம் எவ்வளவு பலமாக அடிக்கிறது என்பதற்கு 60 சதவீதம் என்று எழுதி நோர்மல் போடுவார்கள். இந்த நோயில் அந்தக் கணக்கு பெரும்பாலும் நன்றாகத்தான் இருக்கும், சிலருக்குக் கூடுதலாகக்கூட இருக்கும். நீங்கள் கேட்க வேண்டியது சுவரின் தடிப்பு எத்தனை மில்லிமீற்றர் என்பதை. பெரியவர்களில் வேறு காரணம் இல்லாமல் 15 மில்லிமீற்றர் வந்துவிட்டால் நோய் என்கிறோம். குடும்பத்தில் ஏற்கெனவே உறுதியாகியிருந்தால் 13 போதும். பிள்ளைகளுக்கு உடம்பின் அளவுக்கு ஏற்றபடி கணக்குப் பார்க்க வேண்டும்.

இன்னொரு சங்கடமும் உண்டு. சிலருக்கு இதயத்தின் நுனிப் பகுதி மட்டும் தடிக்கும். எக்கோ கருவி நெஞ்செலும்புகளுக்கு இடையில் பார்க்கும்போது அந்த நுனி சரியாகத் தெரியாமல் தப்பிவிடும். ஆனால் ஈ.சி.ஜி. காட்டிக்கொடுக்கும், டி அலைகள் ஆழமாகத் தலைகீழாக விழும். உங்கள் மகனின் ஈ.சி.ஜி.யில் வித்தியாசம், எக்கோவில் இல்லை என்பதால்தான் இதை இவ்வளவு விரிவாக எழுதுகிறேன். இரண்டு சோதனை இரண்டு விதமாகப் பேசினால், நல்ல செய்தி சொன்னதை நம்பிவிட்டு மற்றதை மூடிவைக்கக்கூடாது. இதயத்துக்கான எம்.ஆர்.ஐ. கேளுங்கள். நுனியையும் காட்டும், தசைக்குள் தழும்பு விழுந்திருக்கிறதா என்பதையும் காட்டும். ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் அது கிடைக்காது, அலைய வேண்டிவரும். அதோடு 24 மணி நேரம் மார்பில் கட்டிவிடும் ஹோல்ட்டர் கருவியும் வேண்டும், துடிப்பு எங்காவது வழி தப்புகிறதா என்று பார்க்க.

கடைசியாக ஒன்று. உங்கள் வீட்டுக்காரரைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. மாமனாருக்கு இருந்து, அண்ணனுக்கு இருந்து, இப்போது பேரனுக்கும் இருந்தால், அது அவர் வழியாகத்தான் வந்திருக்க வேண்டும். இது பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதுமான நோய். ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு. சொந்தத்தில் கட்டியதால் வந்தது என்று யாராவது உங்களைக் குத்திப் பேசினால் நம்ப வேண்டாம். அவருக்கும், அவருடைய தங்கை தம்பிகளுக்கும், இறந்த அண்ணனின் பிள்ளைகளுக்கும் ஈ.சி.ஜி., எக்கோ எடுக்க வேண்டும். வளரும் பிள்ளைகளுக்கு இன்று நன்றாக இருந்தாலும் ஓரிரு வருடத்துக்கு ஒருமுறை திரும்பப் பார்க்க வேண்டும், ஏனென்றால் சுவர் பெரும்பாலும் வாலிப வயதில்தான் தடிக்கத் தொடங்கும்.

நம் மக்களுக்கு ஒரு தனிக் காரணமும் இதில் உண்டு. இதயத் தசையின் ஒரு புரதத்துக்கான மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போன ஒரு மாற்றம், தெற்காசியர்களில் 100 பேருக்கு ஏறத்தாழ 4 பேரிடம் இருப்பதாக 2009இல் கண்டுபிடித்தார்கள். அதைச் சுமப்பவர்களில் பெரும்பாலோருக்கு ஒன்றும் ஆவதில்லை. ஆனால் நம் இரத்தத்தில் இந்த நோய்க்கு இடமில்லை என்று எந்த வைத்தியரும் நினைத்துவிடக்கூடாது.

போகும்போது இரண்டு மரணச் சான்றிதழ்களையும் கொண்டுபோங்கள். யார், எந்த வயதில், என்ன செய்துகொண்டிருக்கும்போது விழுந்தார் என்று ஒரு கொப்பித் தாளில் எழுதி, கிளினிக் கொப்பிக்குள் வையுங்கள். டொக்டருக்கு நேரம் இருக்காது, நீங்கள் பயத்தில் பாதியை மறந்துவிடுவீர்கள். அந்தத் தாள் மறக்காது. நோய் உறுதியானால் மாத்திரை இருக்கிறது. ஆபத்துக் கூடியவர்களுக்கு, துடிப்பு தாறுமாறானால் தானாகவே மின் அதிர்ச்சி கொடுத்துச் சரிசெய்யும் சிறு கருவியைத் தோலுக்கடியில் வைப்பார்கள். காரணம் தெரியாத மயக்கமும் குடும்பத்தில் திடீர் மரணமும் அந்த ஆபத்துக் கணக்கில் முதலில் வருபவை.

“என் குழந்தைக்கு மூன்று மாதம். பால் குடிக்கும்போது நெற்றியெல்லாம் வியர்த்து, வெளிறிப்போய், வீரிட்டு அழுகிறாள். வயிற்று வலி என்று ஓம வாட்டர் கொடுத்தோம். பிறகு எக்ஸ்ரேயில் இதயம் பெரிது என்றும், இதயத் தசை பலவீனம் என்றும் சொன்னார்கள். நாடியையும் பார்க்க வேண்டும் என்று ஒரு டொக்டர் சொல்கிறார். மூன்று மாதக் குழந்தைக்கு நாடியில் அடைப்பு வருமா?” — ஒரு இளம் தாய், கொட்டகலை

இந்தக் கடிதத்துக்கு அச்சில் பதில் வரும்வரை காத்திருக்க முடியாது என்பதால், கிடைத்த அன்றே அதை எழுதிய மகளோடு தொலைபேசியில் பேசிவிட்டேன். குழந்தையைப் பேராதனைக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள். அதே நிலையில் வேறு தாய்மார் இருக்கலாம் என்பதற்காக இங்கே எழுதுகிறேன்.

அடைப்பு வராது. ஆனால் நாடி தவறான இடத்தில் முளைத்திருக்கலாம். இதயத் தசைக்கு இரத்தம் கொடுக்கும் இரண்டு முடியுரு நாடிகளும் பெருநாடியிலிருந்து கிளம்ப வேண்டும். 3 இலட்சம் பிறப்பில் ஒன்றில், இடது நாடி நுரையீரலுக்குப் போகும் நாடியிலிருந்து கிளம்பிவிடுகிறது. 1933இல் பொஸ்டனில் பிளாண்ட், வைட், கார்லண்ட் என்ற மூன்று வைத்தியர்கள் ஒரு குழந்தையில் இதை விவரித்ததால் அவர்கள் பெயரிலேயே வழங்குகிறது.

பிறந்த உடனே ஏன் தெரிவதில்லை? முதல் சில வாரங்களுக்கு நுரையீரல் நாடியில் அழுத்தம் கூடுதலாக இருக்கும், அந்த அழுத்தத்தில் எப்படியோ இதயத் தசைக்கு இரத்தம் போய்ச்சேரும். பிறகு அழுத்தம் இயற்கையாகவே குறையும். குறைந்ததும் இடது நாடியில் இரத்தம் உள்ளே போவதை விட்டுவிட்டுப் பின்பக்கமாக வடிந்துவிடும். தசை பட்டினி கிடக்கும். பால் உறிஞ்சுவதுதான் அந்த வயதுக் குழந்தைக்கு இருக்கும் ஒரே கடின உழைப்பு. நமக்கு மேட்டில் ஏறும்போது வரும் நெஞ்சுவலி அவளுக்குப் பால் குடிக்கும்போது வருகிறது. வயிற்றுவலிக் குழந்தையும் அழும்தான். ஆனால் அது வியர்த்து வெளிறாது, மூச்சு வாங்காது, எடை ஏறாமல் நிற்காது. பிள்ளை மடுவத்தில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்ளும் ஆயாக்களும் தெரிந்துவைத்திருக்க வேண்டிய வித்தியாசம் இது.

எக்கோவில் வீங்கிப் பலவீனமான இதயம்தான் தெரியும். அதைப் பார்த்து தசை நோய் என்று முடிவு கட்டிவிட்டால் குழந்தை போய்விடும். தசை நோய்க்கு மருந்து மட்டும் கொடுப்பார்கள், இதற்குத் தேவை சத்திரசிகிச்சை. அதனால் வீங்கிய இதயத்தோடு வரும் ஒவ்வொரு பச்சைக் குழந்தைக்கும் இரண்டு நாடிகளும் எங்கிருந்து முளைக்கின்றன என்று தேடிப் பார்த்து எழுத வேண்டும். ஈ.சி.ஜி.யில் இடப் பக்கக் கோடுகளில் ஆழமான கியூ அலைகள் இருந்தால் அது பெரிய துப்பு. இரத்த ஓட்டத்தை நிறத்தில் காட்டும் டொப்ளர் எக்கோவில் இரத்தம் எதிர்த்திசையில் ஓடுவது தெரிந்தால் ஏறத்தாழ முடிவு. சந்தேகம் மீதியிருந்தால் சி.டி. எடுப்பார்கள். இடம் மாறிய நாடியை வெட்டியெடுத்துப் பெருநாடியில் தைத்துவிட்டால், செத்தது போல் கிடந்த தசை சில மாதங்களில் எழுந்துகொள்ளும். குழந்தைகளுக்கான இதய சத்திரசிகிச்சை கொழும்பு சீமாட்டி ரிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலையில் செய்கிறார்கள், அரசாங்க ஆஸ்பத்திரி என்பதால் கட்டணம் இல்லை. மகளே, நீ கேட்காமல் விட்ட ஒன்றையும் சொல்கிறேன். கர்ப்பத்தில் நீ மலைக்குப் போனதாலோ கிரகணம் பார்த்ததாலோ இது வரவில்லை.

“எங்கள் பாடசாலை இல்ல விளையாட்டுப் போட்டியில் 1500 மீற்றர் ஓடிய மாணவன் கடைசிச் சுற்றில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்து, ஒரு நிமிடத்தில் எழுந்துவிட்டான். ஈ.சி.ஜி., எக்கோ, ஓடுபொறிச் சோதனை மூன்றும் நோர்மல். சாப்பிடாமல் ஓடியிருப்பான் என்றார்கள். மாகாணப் போட்டிக்கு அனுப்பலாமா?” — உடற்கல்வி ஆசிரியர், ஹட்டன்

அனுப்ப வேண்டாம் சேர். காலைக் கூட்டத்தில் வெயிலில் நின்று கண் இருண்டு விழும் பிள்ளைகளை நீங்கள் நிறையப் பார்த்திருப்பீர்கள். அது வேறு. ஓடி முடித்து நின்ற பிறகு தலை சுற்றுவதும் பெரும்பாலும் ஆபத்தில்லாதது. ஓடிக்கொண்டிருக்கும் கால் ஓட்டத்திலேயே மடிந்தால், அதுவும் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு மடிந்தால், காரணம் தெரியும்வரை அந்தப் பிள்ளை ஓடக்கூடாது.

சில பிள்ளைகளுக்கு ஒரு முடியுரு நாடி பெருநாடியில்தான் கிளம்பும், ஆனால் எதிர்ப் பக்கத்திலிருந்து கிளம்பி, பெருநாடிக்கும் நுரையீரல் நாடிக்கும் இடையில் நுழைந்து வரும். வாய் வட்டமாக இல்லாமல் கீறல் போலக் குறுகியிருக்கும். சும்மா இருக்கும்போது போதுமான இரத்தம் போகும். ஓடும்போது இரண்டு பெரிய நாடிகளும் விரிந்து துடிக்க, வாய் அடைபடும். இடது நாடி வலப் பக்கத்திலிருந்து வருவது குறைவு, ஆனால் அதுதான் கூடுதல் ஆபத்தானது. படுத்திருக்கும்போது எடுத்த ஈ.சி.ஜி. எப்படி இதைக் காட்டும்? ஓடுபொறியில்கூடப் பல தடவை தப்பிவிடும், ஏனென்றால் அடைப்பு ஒவ்வொரு ஓட்டத்திலும் வருவதில்லை. அமெரிக்கக் கூடைப்பந்து வீரர் பீட் மராவிச் பத்து வருடம் தொழில்முறையில் ஆடினார். 1988இல் 40 வயதில் ஒரு சாதாரண ஆட்டத்தின் நடுவே விழுந்து இறந்தபோதுதான் அவருக்குப் பிறப்பிலிருந்தே இடது முடியுரு நாடி இல்லை என்று தெரிந்தது. அத்தனை வருடம் ஆடியவர் என்பதைக் கவனியுங்கள். போன வருடம் ஓடினான் என்பது சான்றிதழ் ஆகாது.

மாணவனின் பெற்றோரிடம் சொல்லுங்கள்: இரண்டு நாடிகளின் வாயையும் தேடிப் பாருங்கள் என்று கேட்டு எக்கோவைத் திரும்ப எடுக்க வேண்டும். மெலிந்த பிள்ளைகளில் நல்ல கைக்கு அது தெரியும். தெளிவாகத் தெரியாவிட்டால் சி.டி. கொரொனரி அஞ்சியோகிராம், அதாவது முடியுரு நாடிகளை சி.டி.யில் படம் பிடிப்பது. கையில் ஊசி போட்டு மருந்து ஏற்றுவார்கள், உடம்பு முழுக்கச் சூடு பரவும், மூச்சை அடக்கச் சொல்வார்கள், சில நொடியில் படம் முடிந்துவிடும். இதயம் மெதுவாக, நிமிடத்துக்கு 60 அளவில் அடித்தால்தான் படம் கலங்காது. அதற்காகத் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை தருவார்கள். அன்று காலை தேத்தண்ணி வேண்டாம். ஆஸ்துமா இருந்தால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அந்த மாத்திரை சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

அதுவும் சரியாக இருந்தால், படத்தில் ஒன்றும் தெரியாத மின்சாரக் கோளாறுகள் சில உண்டு. அதற்கு ஓடுபொறிக் கோடுகளை இதயத் துடிப்பு நிபுணர் ஒருவர் உட்கார்ந்து பார்க்க வேண்டும்.

சேர், அடுத்த போட்டிக்கு முன் உங்களுக்கும் ஒரு வேலை. விழுந்த பிள்ளை கூப்பிட்டும் அசையாமல், மூச்சும் சரியாக இல்லாமல் கிடந்தால் முகத்தில் தண்ணீர் தெளித்து நேரம் போக்க வேண்டாம். ஒருவர் அம்புலன்ஸ் இலக்கமான 1990ஐ அழைக்கட்டும். மற்றவர் நெஞ்சின் நடுவில் இரண்டு கையையும் வைத்து, 5 சென்ரிமீற்றர் இறங்கும்படி, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்திக்கொண்டே இருக்கட்டும். நம் வளைவுப் பாதைகளில் அம்புலன்ஸ் ஏறிவர எவ்வளவு நேரமாகும் என்று உங்களுக்குத் தெரியும். அதுவரை அந்தப் பிள்ளையின் இதயம் உங்கள் கைதான்.

“வயது 44. நெஞ்சு குத்தியதால் சி.டி. எடுத்தேன். நாடி தசைக்குள் புதைந்து போகிறது, தசைப் பாலம் என்று எழுதியிருக்கிறார்கள். தூக்கமே இல்லை.” — பதுளை

தூங்குங்கள் ஐயா. சி.டி. எடுத்தால் நிறையப் பேருக்கு இது தெரியவரும். பெரும்பாலோர் இதோடு பிறந்து, இது இருப்பது தெரியாமலே முதுமைவரை வாழ்கிறார்கள். நாடியில் இரத்தம் பெரும்பாலும் இதயம் விரியும் நேரத்தில் ஓடுகிறது, பாலம் அழுத்துவது சுருங்கும் நேரத்தில். பாலம் ஆழமாக இருந்து, மேட்டில் ஏறும்போது உண்மையாகவே வலி வந்தால் மட்டும் துடிப்பைக் குறைக்கும் மாத்திரை கொடுப்போம். பக்கத்து வீட்டுக்காரர் தந்த, நாக்குக்குக் கீழே வைக்கும் மாத்திரையைப் போட வேண்டாம். பாலம் உள்ளவர்களுக்கு அது வலியைக் கூட்டலாம்.

“என் கணவரை அடக்கம் செய்த இரவு நெஞ்சு வலித்து விழுந்துவிட்டேன். எனக்கு 61 வயது. ஈ.சி.ஜி.யும் இரத்தமும் மாரடைப்பு என்றன. கண்டிக்கு அனுப்பி அஞ்சியோகிராம் செய்தார்கள், நாடிகள் சுத்தமாக இருக்கின்றன, அடைப்பு இல்லை என்று விட்டுவிட்டார்கள். இப்போது மகன்கள், ‘அம்மாவுக்கு ஒன்றுமில்லை, துக்கத்தில் அப்படிப் பண்ணிவிட்டார்’ என்கிறார்கள். நான் நடித்தேனா?” — பண்டாரவளை

இல்லை அம்மா, நீங்கள் நடிக்கவில்லை. இந்த வரியை உங்கள் மகன்களுக்கும் காட்டுங்கள். இரத்தத்தில் ட்ரொபோனின் என்ற புரதம் ஏறியது என்றால் இதயத் தசை காயப்பட்டது என்று அர்த்தம். யாராலும் அதை நடிக்க முடியாது.

1990இல் ஜப்பான் வைத்தியர்கள் உங்களைப் போன்றவர்களைப் பற்றி எழுதினார்கள். பெரும் துக்கம், பெரும் அதிர்ச்சி வரும்போது உடம்பில் பெருக்கெடுக்கும் சுரப்புகளால் இதயத்தின் நுனிப் பகுதி மரத்துப்போய் வீங்கி நிற்கும், மேற்பகுதி மட்டும் சுருங்கும். படத்தில் பார்த்தால் கழுத்துக் குறுகி வயிறு பெருத்த ஒரு பானை. ஜப்பான் மீனவர்கள் ஒக்டோபஸ் பிடிக்கக் கடலில் இறக்கும் பானை அப்படித்தான் இருக்குமாம், அதன் பெயர் டகோட்சுபோ. நோய்க்கும் அதே பெயர். வருபவர்களில் 10இல் 9 பேர் பெண்கள், மாதவிடாய் நின்றவர்கள். ஈ.சி.ஜி.யை வைத்து மாரடைப்பிலிருந்து இதைப் பிரிக்க முடியாது. அதனால் அஞ்சியோகிராம் செய்தது சரி. அடைப்பு இல்லை என்று கண்டதோடு நிறுத்தியதுதான் குறை. நாடி சுத்தம் என்பது ஒரு கேள்வியை மூடி இன்னொன்றைத் திறக்கிறது: அப்படியானால் தசை ஏன் காயப்பட்டது?

எனக்கு வேண்டியது இரண்டு. அன்று எடுத்த எக்கோவிலோ அஞ்சியோகிராமிலோ இதய அறையின் வடிவம் எப்படி இருந்தது என்று பார்க்கச் சொல்லுங்கள். இப்போது ஒரு எக்கோ எடுங்கள். டகோட்சுபோ என்றால் சில வாரங்களில் பானை மறைந்து இதயம் பழைய வடிவத்துக்கு வந்திருக்கும். வந்திருக்காவிட்டால் எம்.ஆர்.ஐ. தேவை. நாடியின் உட்சுவர் கிழிந்து தானாக ஆறிவிடுவதும், தசை அழற்சியும் இதே வேடத்தில் வரும். அதற்குள் மூச்சு வாங்கினாலோ கால் வீங்கினாலோ யார் என்ன சொல்வார்கள் என்று பார்க்காமல் ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

“எங்கள் பகுதியில் ஒரு பெண், பிள்ளை பெற்று ஏழு வாரம். இரவில் இருமல், மூச்சிரைப்பு. இரத்தச் சோகை என்கிறார்கள், குளிர் என்கிறார்கள். இன்ஹேலர் கொடுத்தும் குறையவில்லை. நான் என்ன பார்க்க வேண்டும்?” — குடும்ப சுகாதார உத்தியோகத்தர், மஸ்கெலியா

இந்தக் கடிதம்தான் எனக்கு மிகவும் பிடித்தது மிஸ், ஏனென்றால் வீட்டுக்குள் போய்ப் பார்ப்பவர் நீங்கள் ஒருவர்தான். கர்ப்பத்தின் கடைசி மாதத்திலிருந்து பிரசவத்துக்குப் பின் 5 மாதம்வரை, முன்பு எந்த இதய நோயும் இல்லாத பெண்ணின் இதயத் தசை திடீரென்று தளர்ந்துவிடலாம். பிள்ளை பெற்றவள் களைத்திருப்பாள், கால் வீங்கியிருக்கும், இரத்தம் குறைந்திருக்கும். எல்லாம் இயல்பு போலவே தெரியும். அதற்குள் இந்த நோய் ஒளிந்துகொள்ளும். மஸ்கெலியாக் குளிரில் யார்தான் இருமவில்லை?

அவளிடம் கேளுங்கள்: இரவில் நேராகப் படுக்க முடிகிறதா? எத்தனை தலையணை வைக்கிறாள்? தலையணை இல்லாத காம்பராவில் சாக்கை மடித்து முட்டுக் கொடுக்கிறாளா, சுவரில் சாய்ந்தபடி உட்கார்ந்தே தூங்குகிறாளா? நடுச்சாமத்தில் மூச்சு முட்டி எழுந்து கதவைத் திறக்கிறாளா? இவை மாமியார் முன்னால் வெளியே வராது, தனியாகக் கேளுங்கள். பிறகு நாடித்துடிப்பை ஒரு முழு நிமிடம் எண்ணுங்கள், ஓய்வில் 100க்கு மேல் என்றால் விடாதீர்கள். கழுத்து நரம்பு புடைத்திருக்கிறதா, கணுக்காலில் விரலால் அழுத்தினால் குழி நிற்கிறதா என்று பாருங்கள்.

இவற்றில் எதற்காவது ஆம் என்றால் அன்றே அனுப்ப வேண்டும், அடுத்த கிளினிக் நாள்வரை வைக்கக்கூடாது. கடிதத்தில் இருமல் என்று எழுதாமல், ‘பிரசவம் முடிந்து 7 வாரம், நேராகப் படுக்க முடியவில்லை, எக்கோ தேவை’ என்று எழுதுங்கள். எக்கோவில் இதயத்தின் அடிப்பு 45 சதவீதத்துக்குக் கீழே இருந்து வேறு காரணம் இல்லை என்றால் அதுதான் நோய். மருந்து தொடங்கிவிட்டால் நிறையப் பெண்கள் தேறிவிடுகிறார்கள். அடுத்த கர்ப்பம் மட்டும் இதய நிபுணரைக் கேட்காமல் கூடாது, அதனால் குடும்பக் கட்டுப்பாட்டைப் பற்றி முதல் மாதத்திலேயே கணவனையும் உட்காரவைத்துப் பேசுங்கள்.

அவளை அனுப்பும்போது பஸ்ஸில் அனுப்ப வேண்டாம், 1990ஐக் கூப்பிடுங்கள். குழந்தையையும் கூடவே கொண்டுபோகச் சொல்லுங்கள். குழந்தை வீட்டில் அழும் என்ற ஒரே காரணத்துக்காக வார்டில் சொல்லிவிட்டு அடுத்த நாளே இறங்கி வந்த பெண்களை நான் பார்த்திருக்கிறேன்.